காரங்காடு அலையாத்திக் காட்டில் படகுப் பயணம்

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே, பாக் விரிகுடாக் கரையில் உள்ள காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் படகுப் பயணத்துக்கு, இராமேசுவரம் வருகிறவர்கள் ஒரு காலைப்பொழுதையாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படகு கால்வாய்க்குள் நுழைந்து வேகம் குறைந்ததும், இரு கரையிலும் சேற்றைத் துளைத்துக்கொண்டு விரல் தடிமனில் மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்களை மிக அருகில் காணலாம். காற்றுப் புகாத சேற்றில் புதைந்திருக்கும் வேர்களுக்கு உயிர்வளியைக் கொண்டு சேர்ப்பவை இவைதாம். படகோட்டி அண்ணன் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் கிளை ஒன்றைத் தாழ்த்திக் காட்டினார். உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியேற்றிவிடுவதால், வெயிலில் காய்ந்த இலைகளின் மேல் வெண்ணிறப் படிகங்கள் மின்னின. தொட்டு நாக்கில் வைத்தபோது கரித்தது. இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கி வளர்வது இந்த வேர்களுக்கு இடையில்தான் என்பதால், இக்காடு அழிந்தால் கரையோர மீன்பிடிப்பும் நலிந்துபோகும். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் இதை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும்.

வலசைப் பறவைகளுக்காக வருபவர்களுக்குக் குளிர்காலமே ஏற்றது. கடல்நீர் வடிந்து வற்றத்தில் இருக்கும்போதுதான் வேர்கள் முழுமையாகத் தெரியும். ஆகவே ஏற்றவற்ற நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் சென்றுவிடுவது நல்லது.