எல்லை எண்ணா, வாரிய வாக்கா?

கொரோனா காலத்தில் அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) வகுப்பறைகளை மூட இரண்டு வழிகளை நாடின: முன்பே அறிவித்த எண்ணைத் தொட்டால் மூடுவது, அல்லது மாவட்டத்தை ஆளும் குழுவான பள்ளி வாரியம் கூடி வாக்கெடுப்பது.

எண் இருந்தால் பெற்றோர் தினமும் பார்த்துத் தயாராகலாம். ஆனால் எந்த எண்? நியூயார்க் நகரம் எடுத்துக்கொண்டது, பரிசோதனைகளில் ஏழு நாள் சராசரி 3 சதவீதம் பாசிட்டிவ். 2020 நவம்பர் 18 அன்று அது எட்டப்பட்டது. மறுநாளே நேரடி வகுப்புகள் நின்றன. அந்த எண் காட்டியது ஊர்ப் பரவலை, வகுப்பறைப் பரவலை அல்ல. நோயுற்றவர்கள் மட்டும் பரிசோதனைக்கு வந்தால் சதவீதம் தானாகவே ஏறும். டிசம்பர் 7 அன்று தொடக்கப் பள்ளிகள் திறந்தபோது 3 சதவீத விதி கைவிடப்பட்டு, மாணவர், ஊழியரிடையே வாராந்தர மாதிரிப் பரிசோதனை வந்தது. அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

வாரியம் மெதுவானது. உள்ளூர் அமைப்புகளின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்னும் கலிபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பும் ஒட்ட வேண்டும். பெற்றோரின் கருத்தையும் கேட்க வேண்டும். ஆனால் காற்றோட்டம், பேருந்து ஓட்டுநர் பற்றாக்குறை, தனிமைப்படுத்தலில் உள்ள ஆசிரியர்கள் என ஒரு எண்ணால் காட்ட முடியாததெல்லாம் அங்கே பேசப்படும்.

மூடும் அதிகாரத்தை மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே ஒப்படைத்து, திறப்பதை வாரிய வாக்குக்கு விடலாம். அதிகாரத்தை ஒப்படைக்கும் தீர்மானத்தில் காலாவதித் தேதி கட்டாயம் வேண்டும்.