பேட்மேன் 23.1 ஜோக்கர் இதழ்: 3டி அட்டைக்குக் காசைக் கொட்டாதீர்கள்

பழைய காமிக்ஸ் விற்பவர்களிடம் 'பேட்மேன் 23.1, ஜோக்கர், 3டி அட்டை, அரிய இதழ்' என்று பார்த்ததும் கை பரபரக்கிறவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். அரிது என்ற பேச்சே பாதிதான் உண்மை. உள்ளே இருக்கும் கதையோ ஜோக்கர் ரசிகர்களைத்தான் அதிகம் ஏமாற்றும்.

2013 செப்டம்பரில், பேட்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம், வில்லன்கள் கை ஓங்கும் 'ஃபாரெவர் ஈவில்' தொடரை ஒட்டி 52 வில்லன் இதழ்களை இறக்கியது. வழக்கமான தொடர்களின் 23-க்கும் 24-க்கும் நடுவில் செருக 23.1, 23.2 என்று புள்ளி வைத்த எண்கள். சாய்த்தால் படம் அசையும் லென்டிகுலர் அட்டை (3டி என்பது இதைத்தான்) என்றால் 3.99 டாலர், சாதா அட்டை என்றால் 2.99. 3டி அட்டை கேட்ட அளவுக்குக் கடைகளுக்குக் கிடைக்கவில்லை. கிராக்கி அங்கே பிறந்ததுதான். இரண்டிலும் உள்பக்கங்கள் ஒன்றே.

பெரிய ஏமாற்றம் எங்கே என்றால், மேலே 'பேட்மேன்' என்று போட்டிருப்பதால் அப்போது அந்தத் தொடரை எழுதி வரைந்துவந்த ஸ்காட் ஸ்னைடர், கிரெக் கபுல்லோ கூட்டணியின் வேலை என்று நினைத்துத்தான் பலர் எடுக்கிறார்கள். 23.1 அவர்களுடையதல்ல. எழுதியவர் ஆண்டி கியூபர்ட், வரைந்தவர் ஆண்டி கிளார்க். கியூபர்ட் அருமையான ஓவியர், அதில் சண்டையே இல்லை. ஆனால் இங்கே அவர் கையில் இருந்தது தூரிகை இல்லை, கதை. 17-ஆம் இதழின் முடிவில் பாதாளத்தில் விழுந்து காணாமல் போன ஜோக்கர் என்ன ஆனான் என்று தேடி வந்தவருக்கு இதில் பதில் கிடையாது. பேட்மேனின் ஆரம்ப காலத்தைச் சொல்லும், 21-இல் தொடங்கிய 'ஜீரோ இயர்' கதையும் 23-இலிருந்து நேராக 24-க்குப் போய்விடும். 23.1 இல்லாமல் படித்தால் ஒரு இழையும் அறுந்து போகாது.

கதை இதுதான்: ஜோக்கர் ஒரு கொரில்லாக் குட்டியைக் கொண்டுவந்து, ஜாக்கனேப்ஸ் என்று பெயரிட்டு, பிள்ளை மாதிரி வளர்த்துக் குற்றத்துக்குப் பழக்குகிறான். இடையிடையே அவனுடைய சிறுவயது. யூனிஸ் என்ற அத்தை அவனை பிளீச் போட்டுத் தேய்க்கிறாள். தனக்குக் கிடைக்காத அப்பாவாகத் தானே இருந்து பார்க்கும் கொலைகாரன் என்பது நல்ல கருதான். ஆனால் குட்டியைத் தூக்குவது, வளர்ப்பது, பழக்குவது, கொள்ளைக்கு இறக்குவது, நடுவில் பழைய நினைவு எல்லாவற்றையும் ஒரே இதழில் அடைத்தால் எதுவும் ஊறுவதில்லை. பாசம் வளர்வதற்குள் கொரில்லா வளர்ந்துவிடுகிறது. அதைவிடப் பிசகு அந்த பிளீச். 1988-இன் 'கில்லிங் ஜோக்' காமிக்ஸ் ஜோக்கருக்கு ஒரு பூர்வகதையைக் காட்டிவிட்டு, அதை நம்பலாமா என்ற சந்தேகத்தையும் ஜோக்கர் வாயாலேயே கிளப்பிவிடும். அவன் மிரட்டலே அந்தச் சந்தேகத்தில் இருக்கிறது. இங்கே கொடுமைக்கார அத்தை, அதனால் கொடூரன் என்று கணக்குத் தீர்த்துவிடுகிறார்கள். 1940 முதல் ஆட்டிவைக்கும் வில்லனுக்கு இது ரொம்பச் சின்னச் சட்டை.

எண்ணிலும் பொறி இருக்கிறது. பேட்மேன் கதைகளுக்கே பல தொடர்கள்: 'பேட்மேன்: தி டார்க் நைட்' தொடரின் 23.1 வென்ட்ரிலோக்விஸ்ட், 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 23.1 பாய்ஸன் ஐவி, 'பேட்மேன் அண்ட் ராபின்' 23.1 டூ-ஃபேஸ். 'பேட்மேன் 23.1' என்று மட்டும் எழுதியிருந்தால் தொடரின் முழுப்பெயரையும் வில்லன் பெயரையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'டார்க் நைட்' 23.4 ஜோக்கர்ஸ் டாட்டர், அதாவது ஜோக்கரின் உரிந்த முகத்தை மாட்டிக்கொள்ளும் பெண். வெளிவந்த சமயத்தில் விலை எகிறியது அதற்குத்தான். அந்த விலையைக் காட்டி இந்த ஜோக்கர் இதழை விற்பவர்களும் உண்டு.

3டியா சாதாவா என்று ஒற்றைப் புகைப்படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்து விநாடி வீடியோ கேளுங்கள்: விளக்கு வெளிச்சத்தில் இதழை இடவலமாகச் சாய்க்க வேண்டும். லென்டிகுலர் என்றால் முன்னால் நிற்கும் உருவமும் பின்னணியும் தனித்தனியாக நகரும், நெருக்கத்தில் மெல்லிய வரிவரியான பள்ளங்கள் தெரியும். அட்டையில் அச்சான விலையையும் காட்டச் சொல்லுங்கள். அப்படியே பக்கவாட்டிலிருந்தும் ஒரு படம். உள்பக்கக் காகிதம் ஈரத்தை உறிஞ்சும், 3டி அட்டையின் பிளாஸ்டிக் உறிஞ்சாது. அதனால் இந்த இதழ்கள் வில்லாக வளையும். வளைந்ததை நிமிர்த்த இஸ்திரிப்பெட்டி வைத்தால் அந்த வரிகள் உருகி அட்டையே போச்சு. ஏற்கெனவே கையில் இருந்தால் பின்பலகையோடு (இதழ் வளையாமல் பின்னால் வைக்கும் கெட்டி அட்டை) உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். இரண்டு 3டி அட்டைகளை முகத்தோடு முகம் வைத்தால் ஒன்றையொன்று கீறும்.

கதைக்காக மட்டும் வேண்டுமென்றால் டிஜிட்டல் பிரதியோ 2.99 பதிப்போ போதும். அதே மாதத்தில் நல்லதாக ஒன்று படிக்க ஆசையா? பேட்மேன் 23.2, ரிட்லர். அதில் ரே ஃபாக்ஸுடன் ஸ்னைடரின் கையும் இருக்கிறது. கெயில் சிமோன் எழுதிய வென்ட்ரிலோக்விஸ்ட் இதழும் வயிற்றைக் கலக்கும் ரகம். பெரும்பாலும் ஜோக்கர் இதழை விடக் குறைந்த விலைக்கே கிடைக்கும்.