அரைவிலை டிஜிட்டல் ஆல்பமும் என்ட பழைய சீடியும்

போன கிழமை ஒரு தளத்தில அரைவிலை எண்டு போட்டிருந்தாங்க, நானும் கல்லடியில வீட்டுத் திண்ணையில இருந்துகொண்டே கார்டால காசைக் கட்டி ஆல்பத்தை இறக்கிட்டன், ரெண்டு நிமிசம் கூட எடுக்கல்ல. நல்ல மலிவு, பாட்டும் தெளிவா இரிக்கி. வாங்குற ஆக்கள் ஒண்டைப் பாத்துக்கங்க, எம்பி3 எண்டா 320 கேபிபிஎஸ்தான் (ஒரு செக்கனுக்கு எத்தின கிலோபிட் தரவு எண்ட கணக்கு) உச்சம், சீடியில அது 1411, ஒண்டையும் இழக்காமச் சுருக்கிற ஃப்ளாக் கோப்புக் குடுத்தா அதையே எடுங்க, சீடியில உள்ளது அப்பிடியே வரும்.

ஆனா என்ட மனசு சீடியிலதான் கிடக்கு. 2003ல மட்டக்களப்பு டவுனில வாங்கின ஒண்டு இன்னும் இரிக்கி, பெட்டி மூலை வெடிச்சிட்டு, உள்ள இருக்கிற புத்தகம் உப்புக்காத்துக்குப் பழுப்பாகி ஒட்டிப்போய்க் கிடக்கு, மெதுவாப் பிரிச்சா வயலின் ஆரு, தபேலா ஆரு எண்டு பேர் பேராப் போட்டிருக்கும், நான் இறக்கினதில ஒரு சின்னப் படம் மட்டும்தான். முந்தி ஒரு ஆப்பில காசு குடுத்து வாங்கின பாட்டெல்லாம் அவங்க கடையை மூடினதோட போயிட்டு, அது இன்னும் வலிக்கி. அதால இப்ப இறக்கின உடனயே பென்ட்ரைவில ஒரு கொப்பி போட்டிடுறன். மனசுக்குப் பிடிச்ச ஆல்பம் எண்டா மட்டும், காசு கூடப் போனாலும் சீடிதான் வாங்குவன்.