சென்னையிலிருந்து பலாலிக்கு 355 கிலோமீற்றர்

இந்த முறை லண்டனிலிருந்து கொழும்பை விட்டுவிட்டுச் சென்னை வழியாக யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போனோம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கி, யாழ்ப்பாணம் வரைக்கும் ஏழெட்டு மணித்தியாலம் வான் வண்டியில் குந்தியிருக்க அவரால் ஏலாது. “முந்தி மட்ராசுக்கும் காங்கேசன்துறைக்கும் பிளேன் ஓடினதுதானே?” என்று அவர்தான் பேச்சைத் தொடக்கினார். உண்மைதான். அந்நாளைய இலங்கை விமான நிறுவனமான எயார் சிலோனின் முதற் பறப்பே 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மட்ராசுக்குப் போனதுதான். பிறகு யுத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது. 2019இல் காங்கேசன்துறைக்குப் பக்கத்திலுள்ள பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது.

லண்டனிலிருந்து சென்னை கிட்டத்தட்ட 8,200 கிலோமீற்றர். பத்து மணித்தியாலத்தில் கொண்டுவந்து விட்டார்கள். மிச்சமிருந்த 355 கிலோமீற்றரைத் தாண்டத்தான் சென்னையில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் காத்துக் கிடந்தோம்.

பிழை என்னுடையதும்தான். இரண்டு ரிக்கெற்றையும் தனித்தனியே எடுத்திருந்தேன். அதனால் பெட்டிகளைப் பலாலி வரைக்கும் போட முடியாது என்று லண்டன் கவுண்டரிலேயே கையை விரித்துவிட்டார்கள். அப்படியென்றால் சென்னையில் குடிவரவு தாண்டி வெளியே வந்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி செக்-இன் செய்யவேண்டும். அதற்கு இந்திய விசாவும் வேண்டும். நல்லகாலம், ஈ-விசா முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தோம். விடியப்புறம் நாலு மணிக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். தள்ளிவந்த தம்பி “இங்கேயே இருங்க சார், வந்துடறேன்” என்று போனவர்தான். கவுண்டர் திறந்ததும் அடுத்த பிரச்சினை, நிறை. சின்னப் பிளேனில் லண்டன் கணக்குச் சரிவராது. மிதமிஞ்சிய நிறைக்குக் காசு கட்டும்போது, மாமிக்கு வாங்கிய சொக்லேற் பெட்டிகளை அம்மா என் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

பலாலியின் ஓடுபாதை குட்டை என்பதால் காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம்தான் வருகிறது. மணிக்கு ஐந்நூறு கிலோமீற்றர் ஓடுகிற விமானத்துக்கு இந்தத் தூரம் முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் ரிக்கெற்றில் ஒரு மணி இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. அட்டவணை நேரம் என்பது இங்கே பிளேன் நகரத் தொடங்குவதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரைக்குமான கணக்கு. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சக்கரம் நிலத்தை விட்டதிலிருந்து மறுபடி தொட்டதுவரை ஐம்பத்தெட்டு நிமிடம்.

போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் பிளேன் நேரே தெற்கே கடலுக்கு மேலால் போகிறது. சோழமண்டலக் கரை முழுக்க வலப்பக்கம். கோடிக்கரை முனை கடந்த கொஞ்ச நேரத்தில் பனை தெரிந்தது, அப்புறம் செம்மண். அதுவரை கண்ணை மூடியிருந்த அம்மா என்னைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார்.

பலாலியில் சொல்ல ஒன்றுமில்லை. சின்னக் கட்டடம், சின்ன வரிசை, முத்திரை குத்தி விட்டார்கள். அரை மணியில் எங்கள் ஊர், உரும்பிராய்.

திருச்சியிலிருந்தும் சேவை தொடங்கியிருக்கிறது, 185 கிலோமீற்றர்தான் வரும். அடுத்த முறை அப்படிப் போவோமா என்று தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன்.

“ஒரே ரிக்கெற்றாய் எடுத்தால் வாறன்” என்றார் அம்மா.