அலாரத்தைக் கழற்ற ரூ.18,500 வாங்கிவிட்டு ரிலேயை உள்ளேயே விட்டுவிட்டார்கள்: பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

ரூ.18,500. என் அம்பாசிடர் மார்க் 4-இல் முந்தைய ஓனர் எப்போதோ மாட்டிய ரிமோட் அலாரத்தை முழுசாகக் கழற்றி, வயரிங்கைப் பழையபடி ஆக்கித் தருகிறோம் என்று வாங்கிய பணம். கழற்றியது பாதிதான். மீதிப் பாதி இன்று காலை வரை டாஷ்போர்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

கடையின் பெயர் போடவில்லை. பழைய கார்களுக்கு மட்டுமே எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பதாகப் பலகை வைத்திருக்கும் கடை, அவ்வளவுதான். நேரமில்லாமல் வெளியே கொடுத்த வேலை.

கோளாறு இதுதான். வண்டி நன்றாகக் கிளம்பும், சூடு ஏறியதும் ஓட்டத்திலேயே அணைந்துவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். போதாக்குறைக்கு ராத்திரியில் சைரன் தானாக அலறும்.

கடைக்காரர் பானெட்டைத் தூக்கியதுமே வயர் நிறங்களை ஒப்பித்தார். பிரவுன் நேராகப் பேட்டரி, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃப்யூஸ் தாண்டி வருவது, பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது. லூகாஸ் (பிரிட்டிஷ் கார் எலக்ட்ரிக்கல் கம்பெனி) நிறக் கணக்கு, ஒன்றுகூடத் தப்பில்லை. "இந்த வெள்ளை வயரைத்தான் சார் அலாரம் போட்டவன் வெட்டியிருப்பான். அதைச் சேர்த்துட்டா வண்டி புதுசு மாதிரி ஓடும்" என்றும் அவர் வாயால்தான் வந்தது. இவ்வளவு தெரிந்த ஆளை யார்தான் நம்பமாட்டார்கள்? அட்வான்ஸ் பத்தாயிரம் அங்கேயே போனது.

டெலிவரி அன்று ஒரு பாலிதீன் கவரைக் கையில் கொடுத்தார். சைரன், கண்ட்ரோல் பாக்ஸ், ஷாக் சென்சார், சிவப்பு எல்இடி. "எல்லாம் எடுத்தாச்சு சார், நீங்களே பாருங்க." கூடவே புது காயில் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டைக் கூட்டித் தரும் பாகம்), புது கண்டென்சர், புது பேட்டரி என்று கணக்கு. மீதி எட்டாயிரத்து ஐந்நூறு அந்தக் கவரைப் பார்த்துத்தான் கொடுக்கப்பட்டது. அந்தக் கவரில் ரிலே இல்லை, அதாவது அலாரம் சொன்னால் இக்னிஷன் கரண்டை வெட்டும் சின்னச் சுவிட்ச்.

வண்டி அதே வாரம் பழையபடி அணைய ஆரம்பித்தது. போன் போட்டால் முதலில் "பெட்ரோல்ல தண்ணி இருக்கும் சார்". அடுத்து "புது காயில் செட் ஆக டைம் எடுக்கும்". காயில் செட் ஆவதா? செம்புச் சுற்று, உள்ளே எண்ணெய், செட் ஆவதற்கு அதில் என்ன இருக்கிறது? பிறகு "அண்ணன் வெளியூர் போயிருக்காரு". கடைசியில் நேரில் போனபோது, "ஒரிஜினல் வயரிங்கே இத்துப் போச்சு சார், ஃபுல் லூம் மாத்தணும், இருபத்தஞ்சாயிரம் ஆகும்." லூம் என்றால் வண்டியின் மொத்த வயர்க் கட்டு. ரூ.18,500 வாங்கிய வாயால் இன்னும் இருபத்தைந்தாயிரம் கேட்கிறார்! பழைய காயிலைத் திருப்பிக் கேட்டால் ஸ்கிராப்பில் போட்டுவிட்டார்களாம். கொடுப்பதற்கு முன் அதன் பிரைமரி (பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று) 3 ஓம் காட்டியது. நல்ல காயில் அது.

இன்று நானே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பாயிண்ட் (காயில் கரண்டைத் திறந்து மூடும் முனை) மூடிய நிலையில் இக்னிஷன் ஆன். பேட்டரியில் 12.4 வோல்ட், காயில் பிளஸ்ஸில் 8.1. நடுவில் 4.3 வோல்ட் காணவில்லை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயில் பிளஸ்ஸுக்கு நேராக ஒரு வயர் கொடுத்ததும் இன்ஜின் நிற்காமல் ஓடியது. (இந்தச் சோதனையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் அணையாது, அந்த வயரைப் பிடுங்கினால்தான் அணையும்.) ஆகவே காயில், கண்டென்சர், பெட்ரோல் எதிலும் கோளாறில்லை. இடையில் ஏதோ கரண்டைத் தின்கிறது.

ஸ்டியரிங் தண்டுக்கு மேலே, ஹீட் ஆகி இளகிய டேப் உருண்டைக்குள் இருந்தது அது. ஐந்து பின் ரிலே. இரண்டாக வெட்டிய வெள்ளை வயரின் ஒரு முனை 30-ஆம் எண் பின்னில், மறு முனை 87ஏ-வில் (ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது 30-ஓடு சேர்ந்திருக்கும் பின்). பிளாஸ்டிக் அடிப்பாகம் பழுப்பேறி, 87ஏ பின்னைச் சுற்றி உருகியே போயிருந்தது. பாக்ஸைக் கழற்றியபோது ரிலேயின் காயிலுக்குப் போகும் மெல்லிய வயர்களை மட்டும் நறுக்கி, ரிலேயை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ஏன் சூடாகும்போது மட்டும் கோளாறு வருகிறது என்றால், 87ஏ முனையைப் பிடித்திருப்பது ரிலேக்குள் இருக்கும் ஸ்பிரிங் மட்டும்தான். வருஷக்கணக்கில் அதிர்ந்து அது தளரும், முனையில் கரி படியும். 3 ஓம் காயில் வழியாக அந்த 8 வோல்ட்டில் ஓடுவது 2.7 ஆம்ப். 4.3 வோல்ட்டை அதோடு பெருக்கினால் 11 வாட்டுக்கு மேல் சூடு அந்தச் சின்ன முனையில். சூடு ஏற ஏறத் தொடர்பு இன்னும் மோசமாகும், ஸ்பார்க் சாகும். இந்த வண்டியில் வெள்ளை வயருக்கு ஃப்யூஸே கிடையாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்த உருகிய ரிலே பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருந்தால் லூம் மொத்தமும் புகைந்திருக்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அலாரம் இண்டிகேட்டரை மினுக்க இரண்டு மெல்லிய வயர் எடுத்திருந்தது, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. அவற்றை வெட்டி, இரண்டு முனையையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். இடதுபக்க சிக்னல் போட்டால் நாலு பல்பும் மினுக்குகிறது. பின்னால் வருபவர் என்னவென்று நினைப்பார்?

ரிலேயை எறிந்துவிட்டு, வெள்ளை வயரின் இரு முனைகளையும் செம்பு பளபளக்கும்வரை சீவி, அதே தடிமன் வயர்த் துண்டு வைத்து சால்டர் பிடித்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டதும் காயில் பிளஸ்ஸில் 12.1 வந்தது. ரூ.18,500-க்குச் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான்.

எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சைரனுக்குள் தனி பேட்டரி இருந்தால் முதலில் அதன் சின்னச் சாவியைத் திருப்பி அணையுங்கள், பிறகே வண்டி பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். அலாரம் பாக்ஸ் பக்கத்தில் எதையும் வெட்டாதீர்கள். ஒவ்வொரு வயரும் வண்டி லூமில் எங்கே சேர்கிறதோ அங்கே போய்ப் பிரியுங்கள். வெள்ளை வயர் 30-க்கும் 87-க்கும் (ரிலேக்குக் கரண்ட் வந்தால் மட்டும் 30-ஓடு சேரும் பின்) நடுவே மாட்டப்பட்டிருந்தால், பாக்ஸை எடுத்த நொடியே வண்டி ஸ்டார்ட் ஆகாது. பயந்து காயில் வாங்காதீர்கள்.

கடையில் விட்டால் பணம் கொடுக்கும் முன் ரிலேயைக் கேளுங்கள், மாற்றிய பழைய பாகங்களையும் கேளுங்கள். பாயிண்ட் மூடி இக்னிஷன் ஆன் செய்து, காயில் பிளஸ்ஸில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கட்டும். எனக்குக் கிடைத்தது துண்டுச் சீட்டு. அதை வைத்துக்கொண்டுதான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன். ரூ.18,500, ஒரு ரூபாய் குறையாமல் திரும்ப வேண்டும்.