முதல்வர் பொறுப்பைக் கைமாற்ற கூகுள் ஷேர்டு டிரைவ் உதவுமா?

பள்ளிகளுக்கான கூகுள் ஒர்க்ஸ்பேஸ் என்றதும் எல்லோரும் கிளாஸ்ரூம், மீட் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிதும் கைகொடுத்தது ஷேர்டு டிரைவ், அதாவது பள்ளியின் கோப்புகளை இணையத்தில் பொதுவாக வைக்கும் இடம். ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் முதல்வராக இருந்துவிட்டு இப்போது அங்கேயே பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியல் மட்டும் எடுக்கிறேன். பதவியை விட்ட பிறகும் தினமும் அதே வராந்தாவில் நடக்க வேண்டியவர்களுக்கு இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சாதாரண டிரைவில் கோப்பு அதை உருவாக்கியவருக்குச் சொந்தம். டைம்டேபிள், தேர்வுப் பட்டியல், டி.சி. விவரம், அங்கீகாரம் புதுப்பிக்கும் காகிதங்கள் எல்லாம் முதல்வரின் சொந்த ஜிமெயிலில் கிடக்கிற பள்ளிகள் எத்தனையோ உண்டு, அங்கே ஆள் மாறினாலும் சாவி மாறுவதில்லை. ஷேர்டு டிரைவில் போட்டது பள்ளிக்குச் சொந்தம், போட்டவரின் கணக்கையே நீக்கினாலும் கோப்பு அங்கேயே இருக்கும். பள்ளிக்கென்று டொமைன் (சொந்த இணைய முகவரி) இருந்து விண்ணப்பமும் ஏற்கப்பட்டால் ஒர்க்ஸ்பேஸின் ஃபண்டமென்டல்ஸ் பதிப்புக்குக் கட்டணம் கிடையாது, பள்ளி முழுவதற்கும் சேர்த்து 100 டி.பி. (டெராபைட்) இடம் தருகிறார்கள்.

ஆனால் நான் இதை மெச்சுவது இடத்துக்காக இல்லை. ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடிந்த மேனேஜரில் தொடங்கி, கன்டென்ட் மேனேஜர், கான்ட்ரிப்யூட்டர், கமென்ட்டர், பார்க்க மட்டும் முடிந்த வியூவர் என்று ஐந்து நிலைகள் இருக்கின்றன பாருங்கள், பொறுப்பிலிருந்து விலகுவதற்கு அதைவிட நல்ல படிக்கட்டை நான் பார்த்ததில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் புதிய முதல்வரை மேனேஜர் ஆக்கிவிட்டு நான் கன்டென்ட் மேனேஜராக இறங்கினேன், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் என்னைக் கமென்ட்டராக மாற்றச் சொன்னேன். அந்த இடம்தான் முக்கியம். கமென்ட்டர் சொல்லலாம், கை வைக்க முடியாது.

அப்போதுதான் புதிய முதல்வர் டைம்டேபிளில் திங்கள்கிழமை பத்தாம் வகுப்பின் முதல் பீரியடிலிருந்து கணிதத்தை எடுத்துவிட்டு சமூக அறிவியலை வைத்திருந்தார். என் காலத்தில் பத்தாம் வகுப்புக்கு முதல் பீரியட் என்றால் கணிதம்தான். எடிட் செய்ய முடிந்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றியிருப்பேன், முடியாததால் கமென்ட் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: "திங்கள் அசெம்பிளி நீண்டுவிடுகிறது மேடம், முதல் பீரியடில் பத்து நிமிஷம் போகிறது, கணக்கில் அந்தப் பத்து நிமிஷத்தை இழக்க வேண்டாம் என்று பார்த்தேன்." எழுதிவிட்டு ரிசால்வ் அழுத்தி அந்தக் கமென்ட்டை முடித்துவிட்டார். நல்ல காரணம். அவர் யோசித்துத்தான் செய்கிறார் என்று தெரிந்த பிறகு டைம்டேபிள் பக்கம் போவதே எனக்குக் குறைந்துவிட்டது. இதையே ஸ்டாஃப் ரூமில் நான் வாயால் சொல்லியிருந்தால், மற்ற ஆசிரியர்கள் யார் பேச்சைக் கேட்பது என்று என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்திருப்பார்கள்.

குறைகளும் உண்டு. அகலமான டைம்டேபிளை போனில் பார்ப்பது சிரமம், நம் ஆசிரியர்களில் பலர் போனில்தான் பார்க்கிறார்கள், அதனால் நாங்கள் வகுப்புவாரியாகத் தனித்தனி ஷீட் போட்டோம். வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் வினாத்தாள்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றிப் போட்டால்தான் பயன். தவறி அழித்ததை டிராஷிலிருந்து மீட்க 30 நாள்தான் அவகாசம். சம்பளம், பிள்ளைகளின் குடும்ப விவரம் இவற்றுக்கு ஆரம்பத்திலேயே தனி டிரைவ் வைத்துவிடுங்கள், பிறகு பிரிப்பது பெரிய வேலை.

டிரைவால் தீராத விஷயம் ஒன்று இருக்கிறது, ஓ.டி.பி. பள்ளி நுழைய வேண்டிய ஏதோ ஒரு இணையதளத்தில் பழைய முதல்வரின் செல் நம்பர்தான் பதிவாகியிருக்கும். நான் லேபில் பியூரெட் முன்னால் நிற்கும்போது "மேடம், ஓ.டி.பி. வந்ததா?" என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்தால் நான் எங்கே விலகினேன்? ஆறு எண்ணுக்காக என்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்பது புதிய முதல்வருக்கும் நியாயமில்லை. பள்ளி பெயரில் ஒரு சிம் வாங்கி, ஆபீஸ் போனில் போட்டு, ஒவ்வொரு தளமாக நம்பரை மாற்றினோம். மின்னஞ்சலும் அப்படித்தான், முதல்வர் என்ற பதவிக்கு ஒரு முகவரி வேண்டும், ஆளுக்கு இல்லை.

வியூவர் ஆன பிறகும் பார்க்கத் தோன்றும். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம், அதை கூகுள் தடுக்காது. அதனால் அரையாண்டு விடுமுறைக்கு முன் நிர்வாக டிரைவிலிருந்து என் பெயரையே எடுத்துவிடச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார், "இருக்கட்டுமே மேடம்" என்றார், நான் விடவில்லை. இப்போது எனக்கு வேதியியல் துறை டிரைவ் மட்டும்தான்.

உங்கள் பள்ளியில் அடுத்த ஆண்டு முதல்வர் மாறுகிறார் என்றால் ஏப்ரலிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். ஜூனில் அட்மிஷன் கூட்டத்துக்கு நடுவில் முடியாது.