பிரித்தானியக் குடியுரிமைத் தேர்வும் அதன் கையேடும்: ஒரு மதிப்பீடு

பிரித்தானியாவில் நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ கோருவோர் எழுதவேண்டிய ‘லைஃப் இன் தி யூகே’ தேர்வில், 45 நிமிடத்தில் 24 வினாக்களுக்கு விடையளித்து, 18 சரியாக அமைந்தால் தேர்ச்சி பெறலாம். கட்டணம் 50 பவுண்டு என்பது நியாயமே.

என் குறையெல்லாம் கையேட்டின் மீதுதான். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரையும் ரோமத் திருச்சபையிலிருந்து அவர் பிரிந்ததையும் விரிவாகச் சொல்லும் அந்நூல், 1810இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்த சேக் தீன் முகமதுவையும் மறவாமல் சேர்த்திருப்பது பாராட்டுக்குரியது. தீபாவளி, சீக்கியரின் வைசாகி, யூதரின் ஹனுக்கா போன்ற பண்டிகைகளோ சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, 2009 கணிப்பை வைத்து, மக்களில் 70 விழுக்காட்டினர் கிறிஸ்தவர் என்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது 46.2 விழுக்காடே. மாறிவிட்ட சமூகத்தில் குடியேறுபவருக்குப் பழைய கணக்கை மனப்பாடம் செய்யக் கொடுப்பது விந்தைதான். தேர்ச்சிக்கு நூலை ஊன்றிப் படித்தால் போதும். தனியார் வகுப்புக்குப் பணம் கட்டுவது வீண்.